நான்காவது இலை

2012 அக்டோபர் பதினைந்தாம் தேதி, திங்கட்கிழமை, பகல் ஒன்று இருபதுக்கு, மைசூர் ஹெப்பாளில் எங்கள் வீட்டு உள்ளறையின் கதவை அப்பா வெளியிலிருந்து சாத்தினார். மணியை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். கட்டிலுக்கு அடியில் படுத்திருந்த எனக்கு எதிர்ச்சுவர்க் கடிகாரம் நன்றாகத் தெரிந்தது. நான் உள்ளே இருந்தது அப்பாவுக்குத் தெரியாது.

அன்று மகாளய அமாவாசை. எங்கள் வீட்டில் இறந்தவர்களுக்கு ஆளுக்கோர் இலை போட்டு, சோறும் வடையும் ஒப்பட்டு என்னும் போளியும் படைத்து, புதுத்துணி வைத்து, சாம்பிராணி காட்டிக் கதவைச் சாத்திவிடுவார்கள். அந்த அரை மணி நேரம் அவர்கள் வந்து உண்ணும் பொழுது. பிறகு மூன்று முறை கைதட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். உண்டவர்கள் எழுந்து புறப்பட அவகாசம் தரும் மரியாதை அது. இலையில் எதுவும் ஒருபோதும் குறைந்ததில்லை. குறைய வேண்டுமென்று யாரும் எதிர்பார்த்ததுமில்லை.

வழக்கமாக மூன்று இலைகள்: தாத்தாவுக்கு, பெரியப்பாவுக்கு, மூன்று வயதில் காய்ச்சலில் போன ஒரு குட்டி அத்தைக்கு. அந்த ஆண்டு நான்காவது ஒன்று சேர்ந்தது. அது சித்தப்பாவுக்கு. அதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் சொந்த ஊரான ஹனூரில் பேருந்து ஏறித் திருப்பூருக்கு வேலைக்குப் போனவர் அவர். இரண்டு கடிதங்கள் வந்தன, பிறகு ஒன்றுமில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் பார்த்துவிட்டுக் காரியம் செய்துவிடலாம் என்பது வழக்கம். அப்பாவின் அம்மா, எங்கள் அப்பாயி, அதற்கு இடம் கொடுக்கவில்லை.

இதெல்லாம் நடந்து நெடுங்காலம் கழித்து, சென்ற ஆண்டு தொண்ணூறு வயதில் அப்பாயி இறந்தபோது, வந்தவர்கள் எல்லாரும் பெருவாழ்வு என்றார்கள். ஐந்து பிள்ளைகளைப் பெற்றவள், திங்கள்தோறும் ஒருபொழுது இருந்தவள், ஆண்டு தவறாமல் மாதேஸ்வரன் மலைக்கு நடந்தே போனவள் என்றார்கள். எல்லாம் உண்மை. அந்த நடைகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு பிள்ளைக்காக நடந்தவை என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. சாமியிடம் அவள் கன்னடத்தில் பேசுவாள். மற்ற எல்லாரிடமும் தமிழ்தான்.

அந்த நான்காவது இலைப் பேச்சை எடுத்தவர் அத்தை. அவர் மகளுக்கு வரன் அமையவில்லை. பசியோடு ஓர் ஆத்மா வாசலில் நிற்கிறது என்று பூசாரி ஒருவர் சொல்லியிருந்தார்.

"உசுரோட இருக்கறவனுக்கு எலை போட்டா ஆயுசு கொறையும்டி" என்றாள் அப்பாயி.

"இருந்தா இத்தனை வருசத்துல ஒரு போன் பண்ண மாட்டானாம்மா? உனக்கு மகன் ஒசத்தி, பேத்தி எளப்பம்."

வாக்குவாதம் இரண்டு நாள் நீண்டது. கடைசியில் அப்பாயி சொன்னாள்: "செரி, போடு. செத்திருந்தான்னா வந்து திங்கட்டும். இல்லீன்னா எலை வெச்சது வெச்சபடி கெடக்கும். அப்பறம் எவளும் இந்தப் பேச்சை எடுக்கப்படாது."

நான் இவை எல்லாவற்றையும் கேட்டிருந்தேன். ஆனால் ஒன்பது வயதில் கேட்பது வேறு, மனத்தில் கொள்வது வேறு. ஆள் நடமாட்டம் பிடிக்காத நான் கதைப்புத்தகத்தோடு கட்டிலுக்கு அடியில் ஒதுங்கியிருந்தேன். கதவு சாத்தும் சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். கூப்பிட்டால் உண்ண வந்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று பேசாமல் இருந்தேன். படையல் முடியும்வரை குழந்தைகளுக்கும் சோறு கிடையாது. காலையிலிருந்து ஒரு தம்ளர் பால் மட்டுமே குடித்திருந்தேன். ஒரு முழ தூரத்தில் நெய் மணக்கும் ஒப்பட்டு.

பத்து நிமிடம் பொறுத்தேன். பிறகு நியாயமாகவே யோசித்தேன். தாத்தாவின் படம் நேராக என்னைப் பார்த்தது. பெரியப்பாவின் படமும் அப்படியே. குட்டி அத்தை என்னைவிடச் சின்னவள். அவள் பங்கை எடுப்பது தவறு. நான்காவது இலையின் முன்னால் படமே இல்லை, மடித்த நீலச் சட்டை மட்டும் இருந்தது. பார்ப்பதற்கு அங்கே ஆள் இல்லை. ஒரு வடையையும் பாதி ஒப்பட்டையும் தின்றுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மூன்று கைதட்டல்கள் கேட்டன. கதவு திறந்தது. அப்பாயியின் பாதங்கள் நேராக நான்காவது இலைக்கு வந்து நின்றன.

"ரெண்டு வடை வெச்சேன்" என்றாள்.

"ஏனுங்க, எலி கிலி வந்திருக்குமோ?" என்று அம்மா அப்பாவிடம் கேட்டார்.

"எலிக்கு எந்தம்பி எலைதான் தெரிஞ்சுதாக்கும்!" என்று அத்தை அழத் தொடங்கினார். அந்த அழுகையில் கொஞ்சம் வெற்றியும் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

அப்பாயி அழவில்லை. கொல்லைக் குளியலறைக்குப் போய்ப் பச்சைத் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள். சாவுச் செய்தி வந்தால் அப்படித்தான் செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சத்தத்தைக் கேட்டபோதுதான் நான் தின்றது வடை மட்டும் அல்ல என்று விளங்கியது. எல்லாரும் கொல்லைப்புறம் போயிருந்த நேரத்தில் வெளியே வந்து, பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு மூலையில் உட்கார்ந்துகொண்டேன்.

மாலையில் அப்பா ஸ்ரீரங்கப்பட்டணத்துப் புரோகிதர் ஒருவருக்குப் போன் செய்தார். மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆற்றங்கரையில் காரியம் என்று முடிவாயிற்று.

"நாளைக்கு நவராத்திரி பொறக்குதேம்மா" என்று அப்பா தயங்கினார்.

"செத்தவனுக்கு ஏதுடா நவராத்திரி?" என்றாள் அப்பாயி.

மறுநாள் காலை ஐந்தரைக்கு அவள் கொல்லையில் தனியாக உட்கார்ந்து தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தாள். இன்னும் சற்று நேரத்தில் சித்தப்பாவை ஆற்றில் கரைத்துவிடுவார்கள். அதைத் தடுக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். அருகில் போய் நின்றேன். பயம் வந்தால் எனக்குக் கன்னடம்தான் வரும்.

"நானே திந்தே, அப்பாயி."

அவள் கை நின்றது. "தின்னதுதான் தின்னே, தமிழ்ல சொன்னா என்ன?"

"வடையை நான்தான் தின்னேன். கட்டிலுக்குக் கீழே இருந்தேன்."

"ஒப்பட்டு?"

"பாதி."

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். காதில் விழவில்லையோ என்று நான் மறுபடி உரக்கச் சொல்ல வாயெடுத்தேன். ஈரமான உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள்.

"போதும் கண்ணு. ஒருத்தருகிட்டயும் சொல்லாதே. போயித் தலை சீவிக்க, ஆத்துக்கு நேரமாச்சு."

அம்மாவின் கரண்டிக் காம்பிலிருந்து என்னைக் காப்பாற்றுகிறாள் என்றே எண்ணினேன். ஆற்றங்கரையில் எல்லாம் முறைப்படி நடந்தது. சித்தப்பாவின் பெயரைப் புரோகிதர் தவறாக உச்சரித்தபோது அப்பாயியே திருத்தினாள். அப்பா மாவுருண்டைகளைக் காவேரியில் விட்டார். எந்த நொடியிலும் அவள் உண்மையைச் சொல்லி நிறுத்திவிடுவாள் என்று அவள் முந்தானையைப் பிடித்தபடி காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை.

திரும்பும் பேருந்தில் தசராக் கூட்டம். என்றைக்கும் அப்பாயி ஜன்னலோரம்தான் உட்காருவாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கழுத்தை நீட்டி, ஏறுகிறவர், இறங்குகிறவர், கடையோரம் சும்மா நிற்கிறவர் என எல்லா ஆண்களின் முகத்தையும் பார்ப்பாள். வேடிக்கை பார்ப்பதில் அவளுக்கு அவ்வளவு ஆசை என்று நாங்கள் கேலி செய்வோம். அன்று ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்தாள். பேருந்து ஊரைத் தாண்டுவதற்குள் என் தோளில் தலை சாய்த்து, வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். நிறுத்தங்கள் வந்தன, ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். அவள் கண் திறக்கவில்லை. விடியற்காலையில் எழுந்து ஆற்றில் முழுகிய களைப்பு என்று நினைத்துக்கொண்டு, மைசூர் வந்து சேரும்வரை தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.