முதுகுக்குப் பின்னால் ஓடியவள்

எங்கள் தொலைக்காட்சியில் மூட்டை அண்ணன் என்றால் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். நான் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் போவேன். அவர் நேரலைப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு என்னோடு ஒட்டியபடி வருவார். எங்கள் இருவரையும் கட்டிப்போடுவது இரண்டு முழக் கேபிள்.

முன்பெல்லாம் கூரையில் பெரிய குடையைக் கவிழ்த்த மாதிரி ஒரு வேன் வரும். அதை நிறுத்த இடம் தேடுவதற்குள் பாதிச் செய்தி ஆறிப்போகும். இப்போது ஒரு பைக்குள் ஆறு சிம் கார்டு. பை படத்தைத் துண்டு துண்டாக்கி, எந்த சிம்முக்கு எவ்வளவு தெம்போ அவ்வளவை அதன் தலையில் கட்டும். நிலையத்தில் இன்னொரு பெட்டி எல்லாவற்றையும் ஒட்டவைக்கும். வேலை சுலபமாகிவிட்டது என்றார்கள் மேலே இருப்பவர்கள். அவர்களில் ஒருத்தரும் மூட்டை அண்ணனோடு ஒரு நாள் நின்றதில்லை.

மனிதருக்கு இருப்புக் கொள்ளாது. கையிலிருக்கும் போனில் ஆறு சிம்முக்கும் ஆறு கோடுகள் ஏறி இறங்கும், கண் அதிலேயே. ஒரு கோடு படுத்தால் இடப்பக்கம் ஓரடி, இன்னொன்று படுத்தால் பின்னால் ஓரடி. கேபிளோடு சேர்ந்து நானும் ஆடுவேன். சாப்பிடும்போதுகூட நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்துகிறார் என்று அண்ணி புலம்புவார். வெள்ளம், தீ, ஊர்வலம், பதவியேற்பு எல்லாவற்றுக்கும் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். ஒன்றையும் பார்த்ததில்லை.

அவருடைய மகள் பள்ளியில் பேர்போன ஓட்டக்காரி. அவள் ஓடி அவர் பார்த்ததே கிடையாது. எப்போதும் எங்காவது நேரலை வந்து குறுக்கே விழும். அவளுடைய கடைசி வருடப் போட்டிக்கு எங்களையே அனுப்பினார்கள். போகும் வழியெல்லாம் பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"இதோட ஓட்டத்த விட்டுடப்போறாளாம் தம்பி. இனிமே படிப்புதானாம். இன்னிக்காவது கண்ணால பாத்துடணும்."

"முடிவுக்கோட்டுகிட்டதானே நிக்கப்போறோம்? உங்க மூக்குக்கு முன்னாடிதான் ஓடுவா, பாருங்க" என்றேன்.

எட்டுப் பெண்கள் வந்து நின்றார்கள். அரங்கமே போனைத் தூக்கியது. அத்தனை போனும் ஒரே டவரைப் போட்டு உலுக்கினால் என்ன ஆகும்? ஆறு கோட்டில் நாலு படுத்தன. "படம் உடையுது, படம் உடையுது!" என்று காதுக்குள் கட்டுப்பாட்டு அறை அலறியது.

டவர் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம். பை அவர் முதுகில். நடுவில் அவர் உடம்பு நின்று சிக்னலைக் குடித்துக்கொண்டிருந்தது. அவர் சட்டென்று திரும்பி ஓடுபாதைக்கு முதுகைக் காட்டினார். கோடுகள் மளமளவென்று எழுந்தன. மெல்லத் தலையோடு தோளையும் திருப்பிப் பார்த்தார்; மறுபடி படுத்துவிட்டன.

"அசையாதீங்கண்ணே" என்று பல்லைக் கடித்தேன்.

துப்பாக்கி வெடித்தது. அவருக்கு எதிரே கேலரி. அவர் மகளைப் பார்த்துக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான முகங்களை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். ஓட்டம் தொடங்கியதும் கேமரா மைக்கைத் திறந்துவிட்டதால் பேசவும் முடியாது. எத்தனையாவதாக வருகிறாள் என்று வாயை மட்டும் அசைத்தார். நான் கேமராவுக்குக் கீழே கையை இறக்கி விரலைக் காட்டினேன். நாலு. வளைவில் மூன்று. கடைசியில் இரண்டு. கேலரி எழுந்து கத்தியது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நான் படம் ஆடாமல் பார்த்துக்கொண்டேன்.

நேரலை முடிந்ததும் மகள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"பாத்தீங்களாப்பா?"

"அம்மா வீட்ல டிவில பாத்தாம்மா. படம் துளிகூட உடையல."

நடந்ததை நான் சொன்னேன். அவள் டவரைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. கணக்கில் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"பையை முன்னாடி மாட்டிட்டு, என்னைப் பாத்தே நின்னிருக்கலாமேப்பா?"

நாங்கள் இருவரும் இத்தனை வருடம் குப்பை கொட்டியிருக்கிறோம். அந்தப் பைக்கு முதுகைத் தவிர இன்னொரு இடம் உண்டு என்பது எங்கள் மரமண்டைகளுக்கு எட்டவில்லை. அண்ணன் அங்கேயே வாரைக் கழற்றி, பையை மாரில் மாட்டிப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

அன்றிலிருந்து பை முன்பக்கம்தான். "குழந்தைக்கு எத்தனை மாசம்ணே?" என்று நிலையத்தில் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். மகள் சொன்னபடியே ஓட்டத்தை விட்டுவிட்டாள். போட்டிகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. யார் யார் பெற்ற பிள்ளைகளோ ஓடுகிறார்கள். அண்ணன் போனை மறந்து, கண்கொட்டாமல் முடிவுக்கோடு வரைக்கும் அவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சிக்னல் படுக்கிறது என்று இப்போதெல்லாம் நான்தான் அவருக்குச் சொல்கிறேன்.