கவட்டு எரிவுக்கு ஓமத் தண்ணீர்

போன மாதம் என் அத்தானுக்கு ஹேர்னியா ஒப்பரேஷன். அத்தான் என்றால் அக்காவின் புருஷன். வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை வாத்தியார். செருமினாலே வகுப்பு அடங்கிவிடும்.

கத்தி வைக்க முதலே டொக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“மாஸ்டர், அந்த இடத்தாலை நரம்பு ஓடுது. விலத்தித்தான் தைப்பன். எண்டாலும் தையலுக்குள்ளை அகப்பட்டால் நெருப்பாய் எரியும். ஒளிக்காமல் உடனை சொல்ல வேணும். விட்டால் சீவியத்துக்கும் நிண்டிடும். பிறகு சைக்கிளை மறக்க வேண்டியதுதான்.”

சைக்கிள் இல்லாத அத்தானா? எனக்கே பயம் பிடித்தது.

ஒப்பரேஷன் முடிந்து மறுநாள் காலை டொக்டர் வார்டுக்கு வந்தார். “எரிவு இருக்கோ மாஸ்டர்?”

அத்தானுக்கு முகமெல்லாம் வியர்வை. காலை அசைக்க முடியவில்லை. ஆனால், டொக்டருக்குப் பக்கத்தில் நிற்கிற நர்ஸ் யார்? இவரிடம் படித்த பிள்ளை. அவளுக்கு முன்னால் அந்த இடத்தைச் சொல்வதா?

“வயிறுதான் கொஞ்சம் நோகுது” என்றார்.

எங்கள் ஆட்களுக்கு நோவும் மரியாதையான இடத்தில்தான் வர வேண்டும்.

பின்னேரம் ஊரே பார்க்க வந்தது. வாத்தியாருக்கு வயிற்று நோவாம்... கேட்க வேண்டுமா? ஆளுக்கொரு போத்தல் ஓமத் தண்ணீர். மறுக்க முடியாமல் எல்லாவற்றையும் குடித்தார், பாவம். கீழே எரிவு அப்படியே இருந்தது. மேலே வயிறும் பொருமத் தொடங்கியது.

அக்காவுக்கு மட்டும்தான் உண்மை தெரியும். “டொக்டரிட்டைச் சொல்லுங்கோவன்” என்று கெஞ்சினாள். “பேசாமல் இரும்” என்றார்.

என் அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. கலியாணம் கட்டிய நாள் முதல் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. கோயிலில் அர்ச்சனைக்கும் நான்தான் பெயர் சொல்ல வேண்டும்.

அடுத்த நாள் டொக்டர் வந்தார். அத்தான் வாய் திறக்க முதல் அக்கா எழும்பினாள்.

“வயிறுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை டொக்டர். இவருக்குக் கவட்டுக்குள்ளைதான் எரியுது. விறைக்கப் போட்ட ஊசி விட்ட நேரம் துவக்கம் எரியுது.”

வார்டே அடங்கிவிட்டது. அத்தான் போர்வையால் முகத்தை மூடினார். அந்த நர்ஸ் பிள்ளை சிரிக்கவில்லை. ஓடிப்போய் ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

நரம்பு ஒரு தையலில் மாட்டித்தான் இருந்ததாம். அவிழ்த்துவிட்டார்கள். எரிவு போனது. எனக்கும் உயிர் வந்தது.

நேற்று அக்கா வீட்டுக்குப் போனேன். சைக்கிளில் ஏற டொக்டர் இன்னும் விடவில்லை, அத்தான் அதைத் துடைத்துக்கொண்டு இருந்தார்.

“எல்லாம் சரி. நீர் அந்தச் சொல்லை நாலு பேருக்கு முன்னாலை சொல்லியிருக்கக் கூடாது” என்றார் அக்காவிடம்.

அக்கா தேத்தண்ணியை நீட்டினாள்.

“ஏன்? உங்கடை பேரைச் சொல்லேல்லைத்தானே.”