பால் அறையின் சாவி என்னிடம் இருந்தபோது

தாய்ப்பாலை அளந்து, பெயர் ஒட்டி, குளிரில் அடுக்கி வைப்பது என் தொழில் என்று சொன்னால் இன்னமும் சிலர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். புதுச்சேரியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நான் பார்த்த வேலை அதுதான். எடை குறைந்து பிறந்து, உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லாத குழந்தைகளுக்கு அம்மா பீய்ச்சித் தரும் பாலை வாங்கி வைத்து, எடைக்குத் தக்க அளவில் வேளாவேளைக்குக் கொடுக்க வேண்டும். அம்மாவுக்குப் பால் இல்லையென்றால், பால் மிஞ்சிய வேறு அம்மாக்கள் தந்ததைச் சூடாக்கி, பரிசோதித்து, பத்திரப்படுத்திக் கொடுப்போம். ஊரார் அதற்கு வைத்த பெயர் பால் பேங்க். எனக்கு வைத்த பெயர் கடுகடு சிஸ்டர்.

கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, கிண்ணத்தில் எவ்வளவு மிச்சம், குடித்தது போதுமா போதாதா என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்களே, நீங்கள் என் இனம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்று கருவடிக்குப்பத்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஃப்ரிட்ஜைத் திறந்து முகத்தில் குளிர்காற்று பட்டால் போதும், அந்த அறை ஞாபகம் வந்து மனசு என்னவோ செய்கிறது.

இன்னிக்கு எவ்ளோ?

தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர். மனைவிக்கு முதல் பிரசவம், குழந்தை இன்குபேட்டரில். ஷிஃப்ட் முடிந்து கையில் கிரீஸ் வாசனையோடு வருவார். வந்ததும் முதல் கேள்வி, "இன்னிக்கு எவ்ளோ?" அந்தப் பெண் சிரிஞ்சில் இருக்கும் சொட்டுகளைக் காட்டுவாள். அவர் முகம் சுருங்கும், அதைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கும், மறுநாள் அந்தச் சொட்டும் குறையும்.

எனக்கு வந்த கோபத்தில் அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தேன். இனி இந்த வாசலுக்குள் அளவு பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது, பட்டறையில் நடந்த கூத்து ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு அவள் முதுகைத் தடவிக்கொடுங்கள் என்றேன். மனுஷன் தலையாட்டிவிட்டுப் போனார். அந்த வாரக் கடைசியில் அவள் சின்ன பாட்டிலை நிரப்பிக் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். "டார்கெட்ட எடுத்துட்டா புரொடக்‌ஷன் ஏறுதுன்னு எங்க சூப்பர்வைசர்கிட்ட சொன்னா நம்பவே மாட்டாரு, சிஸ்டர்."

உறையாத தயிர்

வீட்டுக்குப் போன பிறகும் சில அம்மாக்கள் பாலைப் பீய்ச்சி ஃப்ரிட்ஜில் வைத்து எங்களுக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நாங்கள் கொடுத்த பாட்டிலில்தான் வைக்க வேண்டும், மேலே பெயரும் நேரமும் எழுத வேண்டும் என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லித்தான் அனுப்புவேன். ஒருத்தி மட்டும் பாட்டில் காயவில்லை என்று ஒரு நாள் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றித் தட்டு போட்டு வைத்துவிட்டாள்.

சாயங்காலம் அவள் நாத்தனார் வந்தார். வந்த இடத்தில் சும்மா இருக்காத கை. டம்ளரில் பால் மிஞ்சிக் கிடக்கிறதே என்று காய்ச்சி ஆறவைத்து, உறைமோர் விட்டு மூடிவைத்தார். காலையில் பார்த்தால் தண்ணீராகவே நிற்கிறது. தாய்ப்பால் மாட்டுப்பால் மாதிரி உறையாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நேராகத் தெருமுனைப் பால்காரரிடம் போய், பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டுக்கே தண்ணீர் கலந்த பாலா என்று நாலு பேர் கேட்க வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். பால்காரர் அவமானம் தாங்காமல் அன்றைக்குப் பால் போடாமலே போய்விட்டார். விஷயம் தெரிந்து அந்தப் பெண் என்னிடம் ஓடிவந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இப்போ அவருகிட்டப் போயி நான் இன்னான்னு சொல்லி மன்னிப்பு கேக்கறது, சிஸ்டர்?"

பாரிஸிலிருந்து வந்த பெட்டி

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர், ஊர் வழக்கில் சொன்னால் சொல்தா, மகளின் பிரசவத்துக்காக பாரிஸிலிருந்து வந்தார். பெட்டி நிறையப் பால் பாட்டில்கள். அவர் அதை பிபெரோன் என்பார். ஒவ்வொன்றிலும் மில்லிக்கு மில்லி கோடு. எங்கள் வார்டில் பாட்டிலுக்கு அனுமதி கிடையாது. மூக்கு நீண்ட சின்னக் கிண்ணமான பாலாடைதான். அதில் ஊற்றி உதட்டில் சாய்த்தால் பிஞ்சுக் குழந்தை நக்கி நக்கிக் குடிக்கும், கழுவவும் சுலபம். பெரியவருக்கு ரோஷம் வந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் பேரன் பாலாடையில் குடிப்பதைக் கிட்ட நின்று பார்த்தார். குழந்தை குடித்து முடித்து உதட்டைச் சப்புக்கொட்டியதும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரும்பிப் போகும்போது பாரிஸில் இருக்கும் மகனின் குழந்தைக்கென்று கடைத்தெருவில் ஒரு பாலாடை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது என்னைத் தேடிவந்து வருத்தத்தோடு சொன்னார்: "அந்த ஊரு நர்ஸம்மா இது சாஸ் ஊத்தற கிண்ணின்னு சொல்லி அடுக்களையில கொண்டுபோயி வெச்சுட்டா, சிஸ்டர்."

அரை லிட்டர் பாயசம்

வேலை முடிந்தாலும் கை பழக்கம் போகவில்லை. சேமியா பாயசத்துக்குப் பாலை மில்லிக் கணக்கில் அளக்கிறேன், காய்ச்சிய பாலைத் தேதி எழுதி வைக்கிறேன், புதுசைப் பின்னால் தள்ளிப் பழசை முன்னால் எடுக்கிறேன். போன வாரம் ஒரு கரண்டி கூடுதலாகக் கேட்ட என் வீட்டுக்காரர் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே சொன்னார்: "எனக்கு எட எவ்ளோன்னு பாத்துட்டு ஊத்து."

ஒரு அக்கா, ஒரு தம்பி

இதை மட்டும் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். முல்லா வீதிப் பக்கம் தையல் கடை வைத்திருந்த பாய் ஒருவருக்குக் குறைமாதத்தில் ஆண் குழந்தை. உள்ளங்கையில் வைத்துத் தூக்கிவிடலாம், அவ்வளவுதான் எடை. அம்மாவுக்கு பிரஷர் ஏறி நினைவில்லாமல் ஐ.சி.யூ.வில் கிடந்தார். பவுடர் பால் அந்தக் குடலுக்குத் தாங்காது, தாய்ப்பால் கொடுத்தால் பிழைக்க வழி இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். என் ஃப்ரீசரில் பால் இருந்தது. கையெழுத்துக் கேட்டபோது பாய் பேனாவை வாங்கவில்லை.

யாருடைய பால் என்று தெரியாமல் கொடுக்கக் கூடாது என்றார். ஒரு தாயிடம் பால் குடித்த பிள்ளைகள் எங்கள் மார்க்கத்தில் உடன்பிறந்தவர்கள், அவர்களுக்குள் கல்யாணம் ஆகாது, சின்ன ஊர், நாளைக்குத் தெரியாமல் நடந்துவிட்டால் என்ன செய்வது என்றார். பக்கத்தில் நின்ற பயிற்சி நர்ஸ், பிள்ளை பிழைப்பதற்கு முன்னாலேயே கல்யாணக் கவலையா என்று முணுமுணுத்தாள். நான் அவளை முறைத்தேன். பிள்ளை பிழைக்கும், வளரும், கல்யாண வயசுக்கு வரும் என்று அந்த வார்டில் அன்றைக்கு நம்பிய ஒரே ஆள் அவர்தான். ஆனால் எங்கள் பால் பல பேர் கொடுத்துக் கலந்தது. பெயர் சொல்லவும் கூடாது.

டாக்டரம்மாவிடம் ஓடினேன். பால் கொடுக்கிற பெண் மனசார ஒத்துக்கொண்டால் அவள் பாலைத் தனியாக வைத்து இந்தக் குழந்தைக்கு மட்டும் கொடுக்கலாம், பெயரையும் சொல்லலாம் என்றார். அடுத்த வார்டில் பிள்ளைச்சாவடிப் பெண் விஜி இருந்தாள். அதற்கு முந்தின வாரம் பெண் குழந்தை பெற்றவள். பால் நிறைய. அவள் கொடுத்தது சூடாக்கிப் பரிசோதனை முடிந்து இன்னும் மற்றதோடு கலக்காமல் இருந்தது. ஆனால் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் அவளுக்குக் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அந்தத் துக்கத்தில் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளிடம் போய் எப்படிக் கேட்பது என்று எனக்கே நாக்கு எழவில்லை. எப்படியோ கேட்டுவிட்டேன்.

பாய் சொன்னதையெல்லாம் சொன்னேன். உன் பாலைக் குடித்தால் உன் மகளுக்கு அவன் தம்பியாகிவிடுவானாம், உனக்குச் சம்மதமா என்றேன். அவள் பக்கத்தில் கிடந்த மகளைப் பார்த்தாள். பிறகு மெல்ல எழுந்து உட்கார்ந்து கேட்டாள்: "இவளுக்குக் கூடப்பொறந்தவன் இனிமே வரமாட்டான் சிஸ்டர். அந்தப் புள்ள சீர் செய்வானான்னு கேட்டுச் சொல்லுங்க."

நான் போய் அப்படியே சொன்னேன். பாய் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அன்று பாலாடையில் அளந்து ஊற்றிய முதல் வேளைப் பாலில் பையன் ஒரு சொட்டுக்கூட வீணாக்கவில்லை. அவன் அம்மாவும் பிழைத்து எழுந்தார். பையனுக்கு எடை ஏறியதும் மூவரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அண்ணன் தம்பி பொங்கல் சீர் கொண்டுபோவது அக்கா தங்கைக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் என்று பாய்க்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பையன் நடக்க ஆரம்பித்த வருஷம் பொங்கலன்று, கரும்பு, மஞ்சள்கொத்து, தானே தைத்த பட்டுப்பாவாடை எல்லாம் எடுத்துக்கொண்டு, மகனை பைக்கில் முன்னால் உட்காரவைத்து பிள்ளைச்சாவடிக்குப் போய் இறங்கிவிட்டார். விஜி எனக்கு போன் பண்ணினாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. "தம்பி சீர் கொண்டாந்துட்டான் சிஸ்டர், கரும்பத்தான் பாதிய வழியிலயே கடிச்சுத் தின்னுட்டான்."

ஒரு சொட்டு சிந்தினாலும் ஊரைக் கூட்டிச் சண்டை போட்ட கடுகடு சிஸ்டரான நான், பாதிக் கரும்பு அளவில் குறைந்ததைக் கேட்டு, போனைக் கீழே வைக்க மனமில்லாமல் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தேன் என்பதை என் இனத்தவர்களான நீங்களாவது வெளியே சொல்லாதீர்கள்.