திருவலைக் கைப்பிடி போட்ட ஜாக்கி

காருக்கென்று கட்டிய கொட்டிலை என் மரவேலை மேசை பிடித்துக்கொண்டதிலிருந்து கார் வேப்பமரத்தின் கீழ்தான் நிற்கிறது. காகங்கள் அதன்மேல் செய்கிற வேலையை விவரிக்க வேண்டியதில்லை. கார் என் மனைவியுடையது. திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் படிப்பிக்கப் போவது அதில்தான். நான் துறைமுகப் பக்கம் ஒரு கந்தோரில் கணக்கு எழுதுகிறவன். சனி, ஞாயிறுகளில் மட்டும் தச்சன், அதுவும் கைத்தொலைபேசியில் வீடியோ பார்த்துப் படித்த தச்சன்.

குசினி அலுமாரிக்குக் கதவு செய்து தருகிறேன் என்று சொல்லித்தான் அந்தக் கொட்டிலை அவளிடம் வாங்கினேன். கதவு வரும்வரைக்கும் என்று அவள் நீலப் பூப்போட்ட திரைச்சீலை ஒன்றைக் கட்டினாள். பூ எது, கறி தெறித்த இடம் எது என்று தெரியாத அளவுக்குச் சீலை வெளிறியும் கதவு வரவில்லை. ஒரு நாள் அகப்பையோடு கொட்டில் வாசலில் வந்து நின்றாள்.

“இஞ்சாருங்கோ, நத்தாருக்கு முதல் அலுமாரிக்குக் கதவு பூட்டியிருக்கோணும். இல்லையெண்டால் மேசை வெளியில, கார் உள்ளுக்க.”

அவள் சொன்னால் செய்கிறவள். கிறிஸ்மஸ் பிறந்தால் மேசை வெளியில்தான். பிழை என்னில் இல்லை, ரவுட்டரில்தான் என்றேன். இணையம் தருகிற பெட்டியைச் சொல்லவில்லை. சின்ன அலகு ஒன்றைச் சுழற்றி மரத்தில் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டுகிற மெசின் இது. மேசைக்கடியில் தலைகீழாகத் தொங்கும். அலகு மட்டும் ஓட்டையால் மேலே எட்டிப்பார்க்கும். பலகையை அதன்மேல் தள்ளினால் காடி விழும். ஆனால் அலகை ஒரு நூல் ஏற்றுவதென்றாலும் நான் மேசைக்கடியில் மல்லாந்து படுக்க வேண்டும். எழும்பிப் பார்த்தால் இரண்டு நூல் ஏறியிருக்கும். திரும்பவும் கீழே. கண்ணெல்லாம் மரத்தூள்.

“ஆடத் தெரியாதவனுக்கு மேடை கோணலாம்” என்றாள். என்றாலும் குனிந்து பார்த்தாள். “மேலயிருந்தே ஏத்தி இறக்க ஏலாதோ?”

“ஏலும். ஒரு கார் ஜாக்கி இருந்தால் நானே செய்வன்.”

போன வேகத்தில் காரின் பின்கதவைத் திறந்து, டயர் மாற்றக் காரைத் தூக்குகிற ஜாக்கியைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். “இந்தாங்கோ. வாங்கின நாளில இருந்து சும்மாதான் கிடக்குது.”

இந்த வார்த்தையை வாசகர் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும். அவள் வைத்திருக்கவில்லை.

நான் ஒன்றைச் செய்தால் உறுதியாகச் செய்வேன், அது என் வியாதி. தடித்த பிளைவூட் பலகையில் ஜாக்கியை வைத்து, ஆணி முறுக்கி, அது போதாதென்று இரும்பை ஒட்டுகிற பசையும் பூசினேன். பலகையை மேசையின் கீழ்ச்சட்டத்தில் பூட்டி, ஜாக்கியின் தலையில் ரவுட்டரை இருத்தினேன். ஜாக்கியின் திருகாணியோடு நீளமான கம்பி ஒன்றை மேசைக்கு வெளியே கொண்டுவந்து, அதன் நுனியில் பல் தேய்ந்துபோன பழைய தேங்காய்த் திருவலையின் சுற்றுகிற கைப்பிடியை வெல்டிங் கடையில் ஒட்டுவித்தேன்.

முதல் சுற்றில் அலகு ஒரு மயிரிழை எழும்பியது. நான் போட்ட கத்தலில், கேற்றுக்குள் தலையை விட்டுக் கடதாசி மென்றுகொண்டிருந்த, எங்கள் ஊர்த் தெருக்களில் திரிகிற மான்களில் ஒன்று பாய்ந்து ஓடியது. அந்தச் சந்தோசம் ஆறுவதற்குள் போன் அடித்தது. அன்று அவள் மேலதிக வகுப்புக்கு மூதூர் போயிருந்தாள்.

“சில்லு காத்துப் போயிட்டுது. உப்பாறுப் பாலம் தாண்டி நிக்கிறன், பிள்ளையள் அங்க பாத்துக்கொண்டிருக்குதுகள். ஜாக்கியைக் காணேல்ல!”

“நீர்தானே எடுத்துத் தந்தனீர்?”

“நான் தந்தால் நீங்கள் எடுக்கிறதே?”

இதற்குப் பதில் தெரிந்த புருசன் யாராவது இருந்தால் அவருக்கு நான் ஒரு கதிரை செய்து கொடுப்பேன். மெசினைக் கழற்றினேன். பலகையைச் சட்டத்திலிருந்து கழற்றினேன். ஜாக்கியைப் பலகையிலிருந்து கழற்ற அந்தப் பசை விட்டால்தானே! பலகை, ஜாக்கி, கம்பி, கைப்பிடி எல்லாவற்றையும் ஒன்றாகவே மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

தயிர்ச்சட்டி ஏற்றிப்போன ஒருவர் அவளுக்குத் துணையாக நின்றுகொண்டிருந்தார். நான் இறக்கிய சாமானைச் சுற்றிவந்து பார்த்தார்.

“இது என்ன சேர், ஜாக்கியா, தேங்கா திருவுறதா?”

“அதை அவரிட்டத்தான் கேக்கோணும்” என்றாள் அவள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

வீதியோர மணலைக் கையால் வாரி ஒதுக்கி, காருக்கடியில் பலகையைச் செருகினேன். கைப்பிடியில் கைவைக்கப் போனேன். “தள்ளுங்கோ” என்று அவளே குந்தியிருந்து சுற்றத் தொடங்கினாள். நாள்தோறும் தேங்காய் திருவுகிற கை. கார் ஆட்டமில்லாமல் எழும்பியது.

“வெறும் ஜாக்கி எண்டா இந்நேரம் மணலுக்குள்ள இறங்கியிருக்கும். பலகை வச்சது நல்ல மூளை சேர்” என்றார் தயிர்க்காரர்.

அது மூளையில்லை, விடாத பசை என்று நான் சொல்லவில்லை. அவள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தாள். “என்ன லேசா ஏறுது! இதாலயோ மரம் வெட்டுறனீங்கள்?” என்றாள். நடுவீதியில் நின்று ஒரு சுற்றுக்கு எவ்வளவு ஏறும் என்று விளக்கினேன். அவள் கடைசிவரை கேட்டாள். கல்யாணம் கட்டின நாளிலிருந்து என் மரவேலைக் கதையை அவள் முழுதாகக் கேட்டது அன்றுதான்.

அதன்பிறகு பள்ளிக்கூட நாளில் ஜாக்கி காரில் போனது. சனி, ஞாயிறில் மேசைக்கடியில் வேலை செய்தது. பூட்டுவதும் அவள், சுற்றுவதும் அவள். நான் பலாப்பலகையைத் தள்ளுவேன். “இன்னும் கொஞ்சம்” என்பேன். “காணும், எனக்குத் தெரியும்” என்பாள். அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். எரிச்சல்தான், ஆனால் காடி அழகாக விழுந்தது.

நத்தாருக்கு முதல்நாள் கடைசிக் கதவையும் அலுமாரியில் பூட்டினேன். திறந்து மூடினாள். திரும்பத் திறந்து மூடினாள். பிறகு சீலையை அவிழ்த்துக்கொண்டு நேரே கொட்டிலுக்குப் போனாள். ஜாக்கியைப் பலகையோடு கழற்றினாள். போச்சுது, கொட்டில் போச்சுது என்று நினைத்தேன். ஜாக்கியைக் குழந்தையைப்போல அந்தச் சீலையால் சுற்றிக் காரில் வைத்தாள். அங்கிருந்தே ஒரு பெட்டியை எடுத்து நீட்டினாள். உள்ளே புத்தம்புது ஜாக்கி.

“இது உங்களுக்கு. நீங்கள் செய்தது எனக்கு. மூதூர் மணலுக்கு அதுதான் சரி.”

“அப்ப கார்?”

“வேம்புக்குக் கீழயே நிக்கட்டும்.”

நத்தார் பூசை முடிந்து வந்த கையோடு, புது ஜாக்கிக்குக் கைப்பிடி தேடிக் குசினிக்குள் போனேன். புதிய கதவுகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இப்போது திருவுகிற நல்ல திருவலையை மட்டும் காணவில்லை, அவள் முன்கூட்டியே ஒளித்துவிட்டாள்.