ஒரு பிடி வியர்வை

போன ஞாயிற்றுக்கிழமை லத்தா சீனர் பேட்டையில் ஒரு சம்பந்தப் பேச்சு. ஒரு பக்கம் ஆ சான், கான்டன் சீனர், தச்சு மேஸ்திரி. எதிரே ரத்தினம், ரயில்வே பட்டறை ஃபிட்டர், நம்மவர். ஆ சானின் மகனும் ரத்தினத்தின் மகள் பவளமும் ஒருவரையொருவர் விரும்பிவிட்டார்கள். மறுத்தால் பினாங்குக்குக் கப்பல் ஏறிவிடுவதாகவும் சொல்லிவிட்டார்கள்.

நடுவில் நான் எதற்கு? மரக்கிடங்கு குமாஸ்தா; பர்மிய வழக்கப்படி எல்லோருக்கும் 'ஸயா'. சீனத் தச்சர்களோடு பழகிப் பழகி அவர்கள் பேச்சு ஓரளவு வரும். இரு தகப்பன்மாருக்கும் பர்மியம் தெரியும்தான்... மீன் வாங்குகிற அளவுக்கு. சம்பந்தம் பேச அது போதுமா?

டீ வந்தது. ரத்தினம் தொடவில்லை, முறைத்துக்கொண்டிருந்தார். ஆ சான் என் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார். அப்படியே தமிழில் சொன்னேன்.

"வெடிமருந்து தின்னுட்டு வந்தீங்களான்னு கேக்குறாரு."

ரத்தினம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "என்ன ஸயா, நக்கலா? பவளம் கப்பலே ஏறட்டும். நான் தலை முழுகிடுறேன்!"

சிடுசிடுவென்று இருப்பவரைக் கான்டன்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதை விளக்க நேரம் ஏது? ரத்தினம் வாசல்வரை போய்விட்டார்.

அப்போது ஆ சான் மெதுவாக ஒன்று சொன்னார். ஒரே மகன், தாயில்லாதவன். நேற்றிலிருந்து கையில் ஒரு பிடி வியர்வையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம்.

இதையும் வார்த்தைக்கு வார்த்தை சொன்னால்? 'துடைச்சுக்கச் சொல்லு' என்பார் ரத்தினம்! பெரிய உத்தரத்தைக் கயிறு கட்டி மேலே ஏற்றும்போது, கீழே நிற்கும் தச்சர்கள் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

"அண்ணே, நில்லுங்க. பையன் போயிடுவானோன்னு அவருக்கு நேத்துலேருந்து வயித்துல புளியைக் கரைக்குதாம்."

ரத்தினம் திரும்பினார். "அவருக்குமா?"

"அவருக்கும்தான்."

திரும்பி வந்து உட்கார்ந்தார். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"எனக்குந்தான் தூக்கமே இல்ல... அதையும் சொல்லுங்க ஸயா."

சொன்னேன். ஆ சான் தலையாட்டிவிட்டு, ரத்தினத்தின் கோப்பையை மறுபடி நிரப்பினார்.

அந்நிய பாஷையில் கோபம் ஒன்றும் பெரிய விஷயமில்லை, முகமே சொல்லிவிடும். பயம்தான் ஊருக்கு ஊர் வேறு உடுப்பில் வருகிறது.

அன்று மாலையே இருவரும் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள் — கல்யாண விருந்தில் பன்றிக்கறி உண்டா, இல்லையா என்று. உரத்த குரலில், அதே மீன் வாங்குகிற பர்மியத்தில், கையை நீட்டி நீட்டி. என்னை யாரும் கூப்பிடவே இல்லை.

கல்யாணம் நிச்சயம் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.