அண்ணனும் ஓய்வு பெற்ற செயற்கைக்கோளும்

அன்புள்ள உறவினர்களே, நண்பர்களே,

எங்கள் அண்ணன் மறைந்து இன்றோடு ஓராண்டு. நல்லதை மட்டும் எழுது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அண்ணனைப் பற்றி நல்லதைத் தவிர எழுத ஒன்றுமில்லை. மற்றவர்களைப் பற்றித்தான் இருக்கிறது, என்னையும் சேர்த்து.

அண்ணன் அவர்கள் பாடாங் செராய்க்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். அப்பா பால்மரக் காட்டிலேயே மாரடைத்து இறந்தபோது அவருக்குப் பதினான்கு வயது. ஆறாம் வகுப்போடு நின்றவர், டவுனில் ஒரு சீனர் கடையில் வேலை பார்த்தபடியே பரீட்சை எழுதி வயர்மேன் ஆனார். நம் தோட்டத்துக்கே வேலைக்குத் திரும்பி வந்த அன்று அம்மா லயம் முழுக்கப் பாயசம் கொடுத்தார். என்னைத் தையல் படிக்க வைத்தவரும் அண்ணன்தான். தன் கல்யாணத்தை மட்டும் தள்ளிக்கொண்டே போனார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தோட்ட நிர்வாகியான துரை தன் கிளப்பில், வானத்துச் செயற்கைக்கோளிலிருந்து படம் வாங்கும் பெரிய தட்டு ஒன்றை வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டது அண்ணன். துரையிடம் கெஞ்சி, அங்கிருந்து வயர் இழுத்து, லயத்து ஆட்கள் கூடும் நம் மண்டபத்து டிவிக்கும் படம் வர வைத்தார். கடலுக்கு அக்கரை நாட்டின் பூப்பந்து (பேட்மிண்டன்) ஆட்டங்களை நீங்கள் முண்டியடித்துப் பார்த்தது அந்த வயரில்தான். மறந்திருக்க மாட்டீர்கள்.

ஒரு ஆயுத பூஜை. ஸ்பானரிலிருந்து ஏணி வரை எல்லாவற்றுக்கும் அண்ணன் பொட்டு வைத்தார். சந்தனம் குழைத்தது நான்.

"அந்தத் தட்டு மட்டும் என்னா பாவம் பண்ணிச்சு? அதுக்கும் வைங்கண்ணே."

"வேணாம் தங்கச்சி. தொரை பார்த்தா ஏசுவாரு."

"நடுவுல நீட்டிக்கிட்டு இருக்குற மூக்குல ஒரு பொட்டு போதும்லா."

சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறினார்.

மறுநாள் படம் போய்விட்டது. திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். அண்ணன் துடைத்தார், கழற்றினார், மாட்டினார். மூன்று நாள் சோறு தண்ணீர் இல்லாமல் ஏணியிலேயே நின்றார். மூக்கிலிருந்த சந்தனக் கறையைத் துரை பார்த்துவிட்டார். ஆபீஸ் வாசலில் எல்லார் முன்னாலும், யார் பூசியது என்று கேட்டார்.

"நான்தான் தொரை" என்றார் அண்ணன்.

நான் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

வயர்மேன் வேலை போயிற்று. அடுத்த வாரமே முதுகில் தொட்டியைச் சுமந்து புல்லுக்கு மருந்து அடிக்கப் போனார். 'சந்தன வயர்மேன்' என்று பெயர் வைத்தது துரை இல்லை, நம் ஆட்கள்தான். ஒரு மாதத்தில் வெளியாள் ஒருவர் வந்து தட்டைத் திருப்பி வைக்க, படம் வந்தது. "சந்தனத்த ஒழுங்கா தொடச்சா வராம எங்க போவும்!" என்று மண்டபமே சிரித்தது. அண்ணன் அதன்பின் மண்டபத்துப் பக்கம் வரவில்லை. என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

மூன்று வருடம் மருந்து அடித்தார். பிறகு இருமல், ஆஸ்பத்திரி. கடைசி நாளுக்கு முந்திய நாள், "தங்கச்சி, அந்த மூக்க நான் நல்லாத்தாம்மா தொடச்சேன்" என்றார். "தூங்குங்கண்ணே" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த, தோட்ட ஆபீசில் கணக்கு எழுதிய பழைய கிராணியார், சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "அந்தத் தட்டு கெடவே இல்லம்மா. மேல இருந்த செயற்கைக்கோளுக்கு வயசாயிருச்சி, ரிட்டையர் பண்ணிட்டாங்க. படத்த வேற ஒண்ணுக்கு மாத்திட்டாங்க. வெளியாளு தட்ட அந்தப் பக்கம்தான் திருப்பி வெச்சாரு. அந்த மாசமே ஆபீசுக்குக் கடுதாசி வந்துச்சி."

"ஏன் சொல்லல?"

"தொரை ஃபைல்ல போடச் சொன்னாரு, போட்டேன். ஒருத்தரும் கேக்கலயேம்மா. நீயும் கேக்கல."

ஓர் இயந்திரம் ஓய்வு பெற்றதைக் கடிதம் போட்டுச் சொன்னார்கள். அண்ணனுக்கு ஒரு வரி எழுத ஆளில்லை.

நன்றி சொல்வது முறை. ஆஸ்பத்திரிக்கு வேன் ஓட்டியவருக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், அண்ணனைத் தோளில் சுமந்தவர்களுக்கும் நன்றி. இவ்வளவு தாமதமாகவேனும் சொன்ன கிராணியாருக்கும் நன்றி. பட்டப்பெயர் வைத்தவர்கள் இந்தப் பக்கத்தை உங்கள் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் முன்னால்தானே அப்படிக் கூப்பிட்டீர்கள்.

அண்ணா, அன்றைக்கு ஆபீஸ் வாசலில் சொல்ல வேண்டியதை இன்று அச்சில் சொல்கிறேன். பொட்டு வைக்கச் சொன்னது நான். இன்று காலை உங்கள் படத்துக்கு மாலை போட்டோம். சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்கள். என்னால் குழைக்க முடியவில்லை.