நெய் ஒரு பங்கு, தேன் கால் பங்கு

நீடாமங்கலத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவனுக்குத் தேன் என்றால் மருந்துதான். பத்தாவதோடு படிப்பை விட்டவன் நான். மீதியெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து காதால் படித்தது. நோயைச் சொல்வதில் எங்கள் பக்கத்து ஆட்களை அடித்துக்கொள்ள முடியாது. "மோட்டார் ஸ்டார்ட் ஆகி ஆகி நிக்கிற மாதிரி இருமுறான்" என்பார் ஒருவர். "முட்டி ரெண்டும் துருப்புடிச்ச கேட்டு மாதிரி கத்துதுங்க" என்பார் அடுத்தவர். இதைக் கேட்பதற்காகவே கடையைச் சீக்கிரம் திறப்பேன்.

போன வருஷம் ஒருநாள் காலை, பக்கத்து வீட்டுத் தங்கச்சி வந்து ஒரு கிலோ நல்ல தேன் வேண்டும் என்றாள். கூடப் பிறந்தவள் இல்லை. அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். கணவரோடு குவைத்தில் எட்டு வருஷம் இருந்துவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காக ஊர் திரும்பியவள். அவர் இன்னும் அங்கேதான்.

"ஒரு கிலோவா? யாருக்கும்மா இருமல், தெருவுக்கேவா?"

"இருமல் இல்லண்ணே. பக்லாவா செய்ய."

அது என்னவென்று கேட்டேன். மைதாவைக் காகிதம் போலத் தேய்த்து, அடுக்கடுக்காக நெய் தடவி, நடுவில் முந்திரி, பாதாம், பிஸ்தா பொடித்துத் தூவி, சுட்டெடுத்துத் தேன்பாகு ஊற்றுவது என்றாள். கையில் எடுத்த பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

"நெய்யும் தேனும் சம எடையா சேந்தா விஷம்மா. தேனைச் சூடு பண்ணுனா அதுவும் விஷம்."

"குவைத்துல ஊரே திங்குதுண்ணே."

"அந்த உடம்பு வேற."

அவள் முகம் விழுந்துவிட்டது. பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். திருவாரூரில் ஒரு டாக்டர் வீட்டில் நாளை ராத்திரி நிச்சயதார்த்தம். நூறு துண்டு கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு வந்த முதல் ஆர்டர். மாதிரிக்குக் கொடுத்த தட்டு நமுத்துப் போய், தேன் வாசமும் இல்லையென்று டாக்டரின் மனைவி முகம் சுளித்திருக்கிறார். நாளை மூன்று மணிக்கு அவரே வந்து தின்று பார்ப்பார். பிடிக்காவிட்டால், சொல்லிவைத்திருக்கும் வேறு கடையில் சந்திரகலா இனிப்பு வாங்கிக்கொள்வார். குவைத்திலிருந்து கணவர் வேறு, "உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்?" என்கிறாராம்.

காபி கொண்டுவந்த என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"பழநி பஞ்சாமிர்தத்துல நெய்யும் தேனும் இல்லாமலா இருக்கு? வருஷா வருஷம் வழிச்சு நக்குறீங்க. நல்லாத்தானே இருக்கீங்க?"

"அது சம எடை இல்லடி."

"அப்ப இதையும் நீங்களே நிறுத்துக் குடுங்க. ஒரு புள்ள தொழில் பண்ணணும்னு வந்து நிக்குது, இவரு சட்டம் பேசுறாரு."

மறுநாள் பத்து மணிக்கே கடையைச் சாத்திவிட்டு, மலைத்தேனும் தராசுமாகப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். என் மனைவியும் தங்கச்சியும் மாவு தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மேசை விரிப்பின் பூ தெரிகிற அளவுக்கு மெல்லிசு. பெயிண்ட் அடிக்கிற புது பிரஷ் ஒன்றால் நெய் தடவினார்கள். "வீட்டுக்கு வெள்ளையடிக்க இவரைக் கூப்பிட்டு நாலு வருஷமாச்சு" என்று மனைவி பிரஷைப் பார்த்துச் சொன்னாள். நான் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெய் எவ்வளவோ அதில் கால் பங்குதான் தேன். மீதி இனிப்புக்குச் சர்க்கரைப் பாகு.

தட்டுகள் ஓவனுக்குள் போயின. சர்க்கரைப் பாகு கொதித்தது. தங்கச்சி தேனை அதில் ஊற்றப் போனாள். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆறட்டும்."

"அண்ணே, போன தடவை கொதிக்கக் கொதிக்கத்தான் ஊத்துனேன்."

"ஆறட்டும்மா."

மணி ஒன்றே கால். பாகுச் சட்டியைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் இறக்கி, மின்விசிறிக்குக் கீழே வைத்தோம். அவள் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறி முறைத்தாள். சட்டியைத் தொட்டால் கை சுடாத பக்குவம் வந்த பிறகுதான் தேனைக் கலக்க விட்டேன். அதற்குள் தட்டுகள் பொன்னிறமாக வெளியே வந்துவிட்டன. சுடுகிற தட்டில் தேன் படலாமா என்று நான் வாயெடுப்பதற்குள் அவள் ஊற்றிவிட்டாள். சர்ரென்று ஒரு சத்தம். வீடு முழுக்க மலைத்தேன் வாசம்.

கொஞ்ச நேரம் கழித்து ஓர் ஓரத்தை உடைத்து வாயில் போட்டவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"அண்ணே, மொறுமொறுன்னு இருக்கு. பாகு ஆறியிருக்கணும் போல. கொதிக்கிறதை ஊத்தித்தான் போன தடவை நமுத்திருக்கு."

நான் சொன்னது தேனுக்காக; மொறுமொறுப்புக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அந்தப் பாராட்டை மறுக்கவில்லை. எனக்கும் ஒரு துண்டு வந்தது. பயந்து பயந்து கடித்தேன். இரண்டாவதை எடுக்கும்போது மனைவி தட்டை நகர்த்திவிட்டாள்.

மூன்று மணிக்குச் சரியாகக் கார் வந்தது. டாக்டரின் மனைவி நின்றபடியே ஒரு துண்டைக் கடித்தார். நொறுங்குகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. இன்னொன்றை எடுத்தார். தங்கச்சி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"பெட்டியில அடுக்கிடுங்க" என்றார் அவர். பிறகு விரலைத் துடைத்துக்கொண்டே, "தை மாசம் கல்யாணம். ஐந்நூறு வேணும். உங்களால முடியுமா?"

தங்கச்சி சமையலறைப் பக்கம் திரும்பினாள். முழங்கை வரை மாவோடு நின்ற என் மனைவி, இவள் வாய் திறக்கக் காத்திருக்கவில்லை.

"முடியும்னு சொல்லும்மா. தராசுக்கு ஆள் இருக்கு."